கண்ணோரச் சுருக்கம்: கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பு வந்த ஒருவரின் சிகிச்சை

இது தோல் சிகிச்சைப் பிரிவில் நான் நேரில் பார்த்து, ஏறத்தாழ ஒரு வருடம் தொடர்ந்த ஒருவரின் நிகழ்வு. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் எதையும் மாற்றவில்லை.

பின்னணி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் பெண். வயது 47. காலை எட்டரைக்கு டேபிளில் நின்றால், தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவும் கண்ணுக்குத் தப்பக் கூடாது. வீட்டுக்கும் கம்பெனிக்கும் ஸ்கூட்டியில்தான் போய்வருகிறார். மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு வந்துவிடுவதால், உச்சி வெயிலில் தினமும் இரண்டு முறை சாலையில் இருப்பார். வெயில் கண்ணாடி போடும் பழக்கம் இல்லை.

மூத்த பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது எடுத்த போட்டோவில்தான் அவர் தன் கண்ணோரக் கோடுகளை முதன்முதலாகக் கவனித்திருக்கிறார். சிரிக்கும்போது வெளி மூலையிலிருந்து நெற்றிப்பொட்டு வரைக்கும் விசிறி மாதிரி விரிந்திருந்தன. உறவில் ஒருவர், "மாப்பிள்ளையோட அம்மா உங்களவிடப் பெரியவங்கதான், ஆனா நீங்கதான் மூத்தவங்களாட்டத் தெரியறீங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவரை விட்டுப் போகவே இல்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் ஒரு பியூட்டி பார்லருக்குப் போயிருக்கிறார். அங்கே "லேசர்ல ஒரே தடவையில எடுத்துடலாம்" என்று சொல்லி, இரண்டு கண்ணோரத்திலும் செய்துவிட்டார்கள். மருத்துவர் யாரும் பார்க்கவில்லை, ஒப்புதல் படிவமும் இல்லை. அவரிடம் மிஞ்சியிருந்த ரசீதையும், கருவி தெரியும்படி அவர் மகள் எடுத்திருந்த போட்டோவையும் வைத்துப் பார்த்தால், அது புள்ளி புள்ளியாகத் தோலைச் சுடும் கார்பன் டை ஆக்சைடு லேசர். முதல் வாரம் சிவந்து பொருக்குக் கட்டியது. மூன்றாவது வாரத்தில் அந்த இடமே காபிக் கறை படிந்தது போல் கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டில் எந்தத் தோல் மருத்துவருக்கும் பழகிப்போன கதை. பக்கத்து மெடிக்கலில் கேட்டு ஒரு கிரீம் வாங்கியிருக்கிறார். நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுயினோன், தோலைப் புதுப்பிக்கும் டிரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த டியூப் அது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. மேலே பூசும் ஸ்டீராய்டு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அவற்றை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் இவருக்குச் சீட்டில்லாமல்தான் கிடைத்தது. நாலு மாதம் தினமும் இரவில் பூசினார். முதல் மாதம் நன்றாக வெளுத்தது. பிறகு எரிச்சல் வந்தது. ஒரு நாள் பூசாவிட்டால் முகம் தகித்தது.

எங்களிடம் வந்தது மார்ச் முதல் வாரம். மூத்த மகளின் கல்யாணம் ஆவணியில். கணவரும் கூட வந்திருந்தார்.

"ஏனுங்க டாக்டர், கண்ணாலத்துக்குள்ள இதையெல்லாம் எடுத்துப்போட முடியுங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

முதல் நாள் பரிசோதனை

கண்ணோரத்தை நாங்கள் மூன்று நிலைகளில் பார்ப்போம். முகம் அசையாமல் இருக்கும்போது, சிரிக்கும்போது, கண்ணை இறுக்கிச் சுருக்கும்போது. மூன்றையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படம் எடுத்து வைப்போம். அசையாத முகத்தில் கோடே இல்லை, சிரித்தால் மட்டும் வருகிறது என்றால் அது தசையின் வேலை. கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அது சுருங்கும்போது மேலே உள்ள தோலும் கூடவே மடங்கும். பல வருடம் மடங்கி மடங்கி, வெயிலில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமும் சிதைந்துபோனால், அசையாதபோதும் கோடு அப்படியே நின்றுவிடும். முதல் வகைக்கான சிகிச்சை வேறு, இரண்டாவதற்கு வேறு. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தால் பணம்தான் வீணாகும்.

இவருக்கு இரண்டும் கலந்திருந்தது. அசையாத முகத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு கோடு தெளிவாகத் தெரிந்தது. சிரித்தால் நாலைந்து ஆனது. கீழ்க்கோடுகள் கன்னத்து மேட்டில் இறங்கின. ஆனால் கோடுகளைவிட என் கண்ணில் முதலில் பட்டது நிறம்தான். இரண்டு பக்கமும் பழுப்புத் திட்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் லேசர் சுட்ட புள்ளிகளின் வரிசை அப்படியே தெரிந்தது. அதைச் சுற்றித் தோல் மெலிந்து பளபளத்து, நூல் நூலாகச் சிவப்பு ரத்தக் குழாய்கள். அவை நாலு மாத ஸ்டீராய்டின் அடையாளம்.

கீழ் இமையை விரலால் இழுத்து விட்டோம். உடனே பழைய இடத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அது நல்ல அறிகுறி. மெதுவாகத் திரும்பினால், அந்த இமைக்குப் பக்கத்தில் தசையைத் தளர்த்தும் ஊசியைப் போட யோசிக்க வேண்டும். இமை தொய்ந்து கண்ணில் நீர் வடியக்கூடும். மேல் இமைச் சரிவு இல்லை. சர்க்கரை இல்லை. தசைச் சோர்வு நோய் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒப்புதல் படிவத்தை அவர் கையில் கொடுத்தோம். அவர் அதைக் கையை முழுவதும் நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை நன்றாகச் சுருக்கி வாசித்தார். நாங்கள் படம் எடுத்த மூன்றாவது நிலை அப்படியே அவர் முகத்தில் வந்து நின்றது. கண்ணாடி இல்லையா என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டா கெழவியாட்டத் தெரியுமுங்க டாக்டர். அதான் போடறதில்லீங்க."

வெள்ளெழுத்து வந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும் வயது. தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல், அரை மீட்டர் தூரத்தில், நூல் பிரிந்த இடத்தைத் தேடும் வேலை. அத்தனை நேரமும் அந்த வளையத் தசை சுருங்கியபடியே இருந்திருக்கிறது. வயது தெரியக் கூடாது என்றுதான் கண்ணாடியைத் தவிர்த்தார். கோடு ஆழமானதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம்.

கண் மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். காரணம் இரண்டு. ஒன்று பார்வை. இன்னொன்று, அதைவிட அவசரமானது, கண் அழுத்தம். கண்ணுக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசினால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறுவது ஆரம்பத்தில் ஆளுக்குத் தெரியவே தெரியாது. அழகுக்காக வந்தவரிடம் இதைச் சொல்லும்போது நம்ப மாட்டார்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கண் மருத்துவரின் பதில் மூன்று நாளில் வந்தது. அழுத்தம் வலது கண்ணில் 14, இடது கண்ணில் 15. இரண்டும் இயல்பு. லென்ஸ் தெளிவாக இருந்தது. கிட்டத்தில் பார்க்க 1.75 பவர் தேவை, கொஞ்சம் சிலிண்டர் பவரும் சேர்ந்து.

என்னென்ன வழிகள் இருந்தன

அவரையும் கணவரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பேசினோம். அந்த உரையாடலைச் சுருக்காமல் இங்கே எழுதுகிறேன். இதே கேள்விகளோடுதான் எல்லோரும் வருகிறார்கள்.

மறுபடியும் லேசர் செய்யலாமா என்று கணவர் கேட்டார். "சரியா செய்யத் தெரிஞ்சவங்ககிட்ட செஞ்சா நல்லாயிரும்ல?" அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் ஒளியைத் தோலில் உள்ள நீர் உறிஞ்சி ஆவியாகிறது. சுற்றியுள்ள இடத்தில் சூடு பரவிக் கொலாஜன் புதிதாக உருவாகிறது. வெளிர்ந்த தோலில், அசையாத கோடுகளுக்கு இது பலமான சிகிச்சைதான். நம் மாநிறத் தோலிலோ நிறமிச் செல்கள் எந்தச் சூட்டுக்கும் எந்தக் காயத்துக்கும் கறுப்பைக் கொட்டிப் பதில் சொல்லும். 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையை வைத்து வகைப்படுத்த ஆரம்பித்தார். பின்னால் ஆறாக விரிந்த அந்த வரிசையில் இவர் ஐந்தாவது வகை. இந்த வகைத் தோலில் சூட்டைக் குறைத்து, இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் நிறத்துக்கு மருந்து கொடுத்துச் செய்பவர்கள் உண்டு. ஆனால் ஏற்கெனவே கறுத்து, ஸ்டீராய்டால் மெலிந்த தோலில், தேதி குறித்த ஒரு கல்யாணத்துக்கு முன்னால் செய்வது சரியில்லை. மறுத்துவிட்டேன். அமிலம் வைத்து உரிக்கும் பீலிங்கையும் இதே காரணத்துக்காக விலக்கினோம்.

ஃபில்லர் பற்றி அவருடைய தங்கை எங்கோ கேட்டிருந்தார். ஹையலூரானிக் அமிலத்தைத் தோலுக்கடியில் நிரப்புவது கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்துக்குத்தான் பொருந்தும். விசிறிக் கோடுகளுக்கு அது முதல் தேர்வு இல்லை. கண்ணைச் சுற்றியுள்ள தோல் உடம்பிலேயே மிக மெல்லியது. மேலாகப் போட்டுவிட்டால் நீலம் பாய்ந்தது போல் தெரியும். அதைவிட முக்கியம், அந்தப் பகுதியின் ரத்தக் குழாய்கள் விழித்திரைக்குப் போகும் குழாயோடு தொடர்புள்ளவை. அபூர்வம்தான், ஆனால் ஃபில்லர் குழாய்க்குள் போய்ப் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். இவருக்குப் பள்ளம் இல்லை. எனவே அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

இமை அறுவை சிகிச்சை இமையில் தோல் தொங்குபவர்களுக்கானது. இவருக்குத் தேவையில்லை.

டிரெட்டினாயின் நல்ல மருந்து. வெயிலால் முதிர்ந்த தோலில் அது வேலை செய்வதை 1986-இல் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் காட்டினார்கள். மெல்லிய கோடுகளை மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்கும். ஆனால் ஆரம்பத்தில் சிவந்து உரியும். எரிச்சல் வந்த மாநிறத் தோல் மறுபடி கறுக்கும். ஆகவே இதைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

மிச்சம் இருந்தது போடாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் போட்டுலினம் டாக்ஸின் ஊசி. "அது விஷம்ங்கறாங்களேங்க" என்று அவர் பயந்தார். பயம் நியாயமானது, நேராகவே பதில் சொன்னேன். ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சுதான் அது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் அசிட்டைல்கோலின் என்ற சமிக்ஞையைத் தடுக்கிறது. அளவாகப் போட்டால், போட்ட தசை மட்டும் சில மாதம் தளரும். இந்த மருந்து அழகு நிலையத்தில் பிறந்தது இல்லை, கண் மருத்துவத்தில் பிறந்தது. மாறுகண்ணுக்காக சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் இதைப் பயன்படுத்தினார். மாறுகண்ணுக்கும், இமை தானாக இறுகும் நோய்க்கும் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இமை இறுக்கத்துக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவ நடுக்கோடுகள் மறைவதை வான்கூவரில் ஜீன் கரூத்தர்ஸ் என்ற கண் மருத்துவர் கவனித்தார். அவரும் தோல் மருத்துவரான அவர் கணவரும் அதை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். புருவ நடுக்கோட்டுக்கு 2002-இலும், கண்ணோரக் கோட்டுக்கு 2013-இலும் அமெரிக்க அனுமதி வந்தது.

அதே மூச்சில் அதன் எல்லையையும் சொன்னோம். சிரிக்கும்போது வரும் கோடு குறையும். அசையாத முகத்தில் நிற்கும் இரண்டு கோடும் முழுக்கப் போகாது. கறுப்புக்கு இந்த ஊசி ஒன்றும் செய்யாது. மூன்று நாலு மாதத்தில் தசை பழையபடி இயங்கும்.

எடுத்த முடிவும் அதன் வரிசையும்

ஊசியை முதலில் போடவில்லை. முதலில் தோலைத் தேற்றுவது, கண்ணைச் சுருக்காமல் பார்க்க வைப்பது, வெயிலை மறைப்பது. ஊசி கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்பு. டிரெட்டினாயின் அதற்கும் பிறகு.

அவருக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. கோடுக்காக வந்தேன், கண்ணாடியும் களிம்பும் தருகிறீர்களே என்று முகத்திலேயே தெரிந்தது. வரிசைக்கான காரணத்தை விளக்கினேன். போட்டோவில் அவரை முதியவராகக் காட்டுவது இப்போது கோட்டைவிடக் கறுப்புத்தான். கறுப்பு கரைய மாதங்கள் ஆகும், அதை அவசரப்படுத்த முடியாது. ஊசி இரண்டு வாரத்தில் பலன் தரும், கடைசியில் வைத்தால் போதும். இப்போதே போட்டால் கல்யாணத்துக்குள் அதன் பலன் தீர்ந்துவிடும்.

மார்ச் முதல் ஜூலை வரை

கலவைக் கிரீமை நிறுத்தி, பலம் குறைந்த ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோனை நாள் விட்டு நாள் கொடுத்து, இரண்டு வாரத்தில் அதையும் நிறுத்தினோம். கூடவே ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் 0.03 சதவீதக் களிம்பு, வாசனை சேர்க்காத சாதாரண மாய்ஸ்சரைசர். காலையில் இரும்பு ஆக்சைடு நிறமி சேர்த்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன். மாநிறத் தோலைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அவ்வளவாக நிறுத்தாது.

ஸ்டீராய்டை நிறுத்திய மூன்றாவது வாரம் இருவரும் கோபத்தோடு வந்தார்கள். முகம் சிவந்து, எரிந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம். இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தோம். ஆனால் காதால் கேட்பதும் கண்ணாடியில் பார்ப்பதும் ஒன்றில்லை. "அந்தக் கிரீமையே மறுபடி போட்டா அடங்கிருமுங்களே" என்றார் கணவர். அடங்கும்தான். அடங்கி, அடுத்த முறை நிறுத்தும்போது இதைவிட மோசமாக வரும். மெலிந்த தோலின் முதல் நாள் படத்தைப் பெரிதாக்கி, அந்தச் சிவப்பு நூல்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் கணவரிடம், "இன்னொரு மாசம் பாக்கலாங்க" என்றார். இந்த நிகழ்வு முழுவதிலும் கடினமான முடிவு அதுதான், அதை எடுத்தவர் அவர். அழற்சியை அடக்க டாக்ஸிசைக்கிளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஆறு வாரம் கொடுத்தோம். மே கடைசியில் எரிச்சல் நின்றது.

கண்ணாடி விஷயம் வேறு மாதிரி போனது. ஏப்ரலில் கண்ணாடி வாங்கிவிட்டார், ஆனால் கைப்பையிலேயே வைத்திருந்தார். கம்பெனியில் போட வெட்கம். கடைசியில் அதை மாற்றியது வேலைதான். தவறவிட்ட பீஸ்கள் திரும்பி வந்ததில் சூப்பர்வைசர் ஏதோ சொல்லப்போக, மறுநாள் போட்டுக்கொண்டு போனார். தலைவலி நின்றது என்று அடுத்த முறை சொன்னார். தலைவலி இருந்ததையே அதுவரை அவர் எங்களிடம் சொல்லவில்லை. சாலைக்கு, புற ஊதாக் கதிரை முழுதாகத் தடுக்கும் அகலமான வெயில் கண்ணாடி ஒன்றும் வாங்கினார்.

ஜூன் முதல் திட்டின் மேல் கறுப்பைக் குறைக்கும் அசெலாயிக் அமிலக் கிரீம், இமையைத் தொடாமல், கண்குழியின் எலும்பு விளிம்புக்கு வெளியே மட்டும். ஜூலை கடைசியில் எடுத்த படத்தில் லேசர் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியவில்லை. திட்டு பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. கண்ணுக்கு நேர் கீழே உள்ள கருவளையம் மட்டும் அப்படியே இருந்தது. அவருடைய அம்மாவுக்கும் அது உண்டு. அது பரம்பரை, அதைத் துரத்த வேண்டாம் என்று சொன்னோம்.

ஊசி

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் முன்பு. இரண்டு வாரத்தில் முழுப் பலனைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தால் சரி செய்யலாம். ரத்தக்கட்டு வந்தாலும் ஆறிவிடும். இந்த மூன்றுக்கும் இடம் விட்டுத்தான் நாள் குறித்தோம்.

கண்ணோரத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு பக்கத்துக்கு 12 யூனிட், மூன்று இடத்தில் நாலு நாலாக. இவருக்கு நாங்கள் 8 யூனிட்டில் ஆரம்பித்தோம். முகம் சிறியது, முதல் முறை, தோல் இப்போதுதான் தேறியிருக்கிறது. அதோடு அவர் சொன்ன ஒரு வார்த்தையும் காரணம். "சிரிச்சா சிரிக்கற மாதிரியே இருக்கோணுங்க. பொம்மையாட்ட ஆயிரக் கூடாதுங்க."

குப்பியை அவர் கண் முன்னால்தான் திறந்தோம். பெயர், காலாவதித் தேதி இரண்டையும் மகளிடம் வாசிக்கச் சொன்னோம். எல்லா நோயாளிகளும் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு கம்பெனி மருந்தின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் சமம் இல்லை. "இருபது யூனிட் போட்டாங்க" என்று மட்டும் தெரிந்து, எந்த மருந்து என்று தெரியாமல் வருபவருக்கு அடுத்த முறை அளவு நிர்ணயிப்பது சிரமம்.

நிமிர்ந்து உட்கார வைத்து, சிரிக்கச் சொல்லி, இடங்களைக் குறித்தோம். கண்ணின் வெளி மூலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒன்று, அதற்குச் சாய்வாக மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்ப்புள்ளி கன்ன எலும்புக்கு இறங்காமல் பார்த்துக்கொண்டோம். அங்கே உதட்டை மேலே தூக்கும் தசை தொடங்குகிறது. மருந்து அதைத் தொட்டால் சிரிப்பு ஒரு பக்கம் கோணும். ஐஸ் வைத்து, மெல்லிய ஊசியில், தோலுக்குச் சற்றுக் கீழே மட்டும் போட்டோம். நாலு மணி நேரம் தேய்க்க வேண்டாம், குப்புறப் படுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

இடது பக்கம் மிளகு அளவுக்கு ரத்தக்கட்டு வந்து ஒரு வாரத்தில் மறைந்தது. இரண்டாவது வாரம் பார்த்தபோது வலது பக்க மேல்கோடு இன்னும் அசைந்தது. அங்கே மட்டும் 2 யூனிட் சேர்த்தோம். இமைச் சரிவு இல்லை, கண் வறட்சி இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின இரண்டு வாரம் புதிதாக எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். ஃபேஷியல், பிளீச், பொடி, பேக் எதுவும் கூடாது. வீட்டில் எல்லோரும் போய்ச் செய்துகொண்டபோது இவர் மட்டும் புருவம் திருத்திக்கொண்டு வந்துவிட்டார்.

பலன்

கல்யாணப் படங்களை ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்து காட்டினார். சிரிக்கும்போது கோடுகள் இருந்தன, ஆனால் பழைய நீளத்தில் பாதிதான். கன்னத்து மேட்டில் இறங்கும் கீழ்க்கோடுகள் குறையவில்லை. கன்னம் மேலேறுவதால் வருபவை அவை, அந்த ஊசிக்குக் கட்டுப்படாது. அசையாத முகத்தில் இரண்டு கோடும் லேசாகத் தெரிந்தன. சிரிப்பு மாறவில்லை. பல படங்களில் கண்ணாடியோடுதான் இருந்தார்.

அக்டோபரில் டிரெட்டினாயின் 0.025 சதவீதம் ஆரம்பித்தோம். வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசர் பூசி அதன் மேல், எலும்பு விளிம்புக்கு வெளியே மட்டும். எரிச்சல் இல்லாததால் இரண்டு மாதத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது.

டிசம்பரில் ஊசியின் பலன் தீர்ந்தது. மறுபடி போடுவதா என்ற கேள்வி வந்தது. அவர் சனிக்கிழமை சம்பளக்காரர். "மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா இதுக்குன்னு எடுத்து வெக்க முடியாதுங்க. கண்ணாலம் முடிஞ்சுருச்சு, போதுமுங்க" என்றார். விட்டால் முன்பைவிட மோசமாகுமா என்று மட்டும் கேட்டார். ஆகாது. தசை தன் பழைய பலத்துக்கு வரும், அவ்வளவுதான். நாங்களும் வற்புறுத்தவில்லை. மருத்துவ ரீதியாக அவருக்கு அது கட்டாயமே இல்லை.

அடுத்த மார்ச்சில், முதல் நாள் எடுத்த அதே மூன்று நிலைகளில் மறுபடி படம் எடுத்தோம். சிரிக்கும்போது வரும் கோடுகள் திரும்பியிருந்தன. அசையாத முகத்தில் ஒரு கோடு மங்கியிருந்தது, இன்னொன்று ஆழம் குறைந்திருந்தது. இதில் டிரெட்டினாயினுக்கு எவ்வளவு பங்கு, கண்ணாடிக்கும் சன்ஸ்கிரீனுக்கும் எவ்வளவு என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. திட்டு வலது பக்கம் மட்டும் தேடினால் தெரியும் அளவுக்கு மீந்திருந்தது. சிவப்பு நூல்களில் சில போகவில்லை, போகவும் போகாது. படிவத்தை இந்த முறை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் கையெழுத்துப் போட்டார்.

இதற்குப் பிறகு நடைமுறையில் மாற்றியவை

நாற்பது தாண்டிய யார் கண்ணோரக் கோட்டுக்காக வந்தாலும், பேச்சு ஆரம்பிக்கும் முன்பே ஒரு சின்ன எழுத்துத் தாளைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்கிறோம். எப்படிப் பிடிக்கிறார்கள், எவ்வளவு சுருக்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு. கண் பரிசோதனை முடிந்த பிறகுதான் ஊசிக்கு நாள் தருகிறோம். இதனால் சிலர் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பரவாயில்லை.

வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா டியூபையும் கொண்டுவரச் சொல்கிறோம். "ஒரு கிரீம் போட்டேன்" என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் பார்ப்பது இப்போது விதி. முன்பு நாங்கள் ஆளைப் பார்த்து முடிவு செய்துகொண்டிருந்தோம்.

விசேஷ தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரு அட்டவணையை எழுதிக் கையில் கொடுக்கிறோம். ஸ்டீராய்டை நிறுத்தியதும் எரிச்சல் வரும் வாரங்களை அதில் சிவப்பில் குறித்து, அந்த வாரத்தில் நாங்களே போன் செய்கிறோம். இவரும் கணவரும் கோபத்தோடு வந்த அந்த நாளில் அவர்கள் வராமல் மெடிக்கலுக்குப் போயிருந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கும்.

இன்னும் தீராத ஒரு சிக்கல் விலை. நிறமி சேர்த்த சன்ஸ்கிரீன் ஒரு டியூப் அவருக்கு ஐந்தாறு வாரம்தான் வந்தது, தினக்கூலி வாங்குபவருக்கு அது சின்னத் தொகை இல்லை. துப்பட்டாவால் முகத்தை மூடி ஓட்டுவது, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் உச்சி வெயில் பயணத்தையே தவிர்ப்பது, இந்த இரண்டையும் சொன்னோம். இரண்டாவதை அவர் ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரலில் அதே செக்கிங் டேபிளிலிருந்து, முப்பத்திரண்டு வயதுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்குக் கோடு எதுவும் இல்லை, கருவளையத்துக்கு அதே கலவைக் கிரீமை எட்டு மாதமாகப் பூசிக்கொண்டிருந்தார். ஊசி, லேசர் எதைப் பற்றியும் அன்று பேசவில்லை. கண் அழுத்தம் பார்க்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, நிறுத்தும் அட்டவணையைப் போட்டு அனுப்பினோம்.